பச்சைப் பெட்டிக்குள் உம்மாவின் பெயர்

அலுவலகத்தில் ஷமீராவை 'டப்பா ராணி' என்றுதான் கூப்பிடுவான் தமிழ்மாறன். அவளுக்கு ரோசம் வராது. அந்தப் பட்டத்தில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அலுவலகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறை. சில கம்ப்யூட்டர்கள், ஓயாமல் முனகும் ஒரு ஃபேன். அங்கே உட்கார்ந்து இரண்டு பேரும் கூட்டாக வெப்சைட் செய்து கொடுத்தார்கள். ரைஸ் மில்லா, லாட்ஜா, நர்சரி பள்ளிக்கூடமா, யார் வந்தாலும் செய்வார்கள். படம் அழகாக இருக்கிறதா என்று மட்டும்தான் வாடிக்கையாளர் கேட்பார். ஷமீரா செய்தால் அழகாகத்தான் இருக்கும்.

பட்டப்பெயர் வந்த கதை இது. வெப் பக்கம் என்பது கண்ணுக்குத் தெரிகிற நிறமும் எழுத்தும் மட்டும் இல்லை. அதற்கு உள்பக்கம் ஒன்று உண்டு. இது தலைப்பு, இது பட்டியல், இது தனிச் செய்தி, இது ஓரத்துத் துணுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் அங்கே அடையாளம் எழுதி வைக்கலாம். அதற்குச் சோம்பல்பட்டால் 'டிவ்' என்று ஒன்று இருக்கிறது. டிவ் என்றால் வெறும் பெட்டி. உள்ளே இருப்பது என்ன என்று அது யாரிடமும் சொல்லாது. அதற்கு அகலமும் நிறமும் கொடுத்துவிட்டால் போதும், பார்க்கிறவர் கண்ணுக்குத் தலைப்பாகவும் தெரியும், பட்டியலாகவும் தெரியும். ஷமீரா எல்லாவற்றையும் டிவ்வில்தான் போடுவாள். பேராவூரணி கம்ப்யூட்டர் சென்டரில் படித்த காலத்திலிருந்து அதுதான் பழக்கம்.

தமிழ்மாறன் வலங்கைமான் பக்கத்து ஆள். அப்பா அம்மா இரண்டு பேரும் வயலில் கூலி வேலை பார்த்துப் படிக்கவைத்த பிள்ளை. எதையும் அதனதன் பெயரால் கூப்பிட வேண்டும் என்பது அவன் கட்சி.

"ஏன்க்கா, தலைப்புக்குத் தலைப்புன்னு எழுதினா உங்க கை தேஞ்சு போவுமா?" என்பான்.

"எந்தக் கஸ்டமர்டா உள்ள எட்டிப் பாக்கப் போறான்? வெளிய பளிச்சுன்னு இருக்குல்ல?" என்பாள்.

"டப்பா ராணி, டப்பா ராணி" என்று தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவான்.

டப்பா அவளுக்கு ரத்தத்திலேயே ஊறியது. சொந்த ஊர் சேந்தன்பட்டினம். பேராவூரணியிலிருந்து கடலைப் பார்த்துப் போகிற சாலையில், தென்னந்தோப்புகள் முடிகிற இடத்தில் இருக்கிறது. அவளைப் பெற்ற அத்தா அஹமது கபீர் ஜித்தாவில் வேலையில் இருந்தார். லீவில் வரும்போதெல்லாம் பால்பவுடர் டப்பாக்கள் வரும். காலியானதும் அடுப்படி அலமாரியில் ஏறிவிடும். எல்லாம் ஒரே உயரம், ஒரே மஞ்சள். சீனி எது, உப்பு எது, மாவு எது என்று உம்மாவுக்கு மட்டும் தெரியும். உம்மா வெளியூர் போயிருந்த ஒரு நாள் ஷமீரா அரிசிமாவு என்று நினைத்து மைதாவைப் பிசைந்து இடியாப்பம் பிழிந்தாள். போஸ்டர் ஒட்டலாம் போல ஒரு பசை இறங்கியது. வீடே சிரித்தது. டப்பாமேல் பெயர் எழுதலாம் என்று மட்டும் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, ஷமீரா உட்பட.

அந்த அலமாரிக்கு வராமல் போன ஒரு பொருளும் அவள் நினைவில் இருக்கிறது. அத்தாவின் தம்பி பைக்கில் போய் லாரியில் அடிபட்டு அந்த இடத்திலேயே மௌத்தாகிவிட்டார். வெளிநாட்டில் இருப்பவருக்கு மௌத்தை நேராகச் சொல்கிற வழக்கம் அந்தப் பக்கம் கிடையாது. தூரத்தில் தனியாக இருக்கிற ஆள், என்ன ஆவாரோ என்ற பயம். 'கால் எலும்பு முறிஞ்சிருக்கு, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க' என்றார்கள். அத்தா நல்ல அலுமினிய ஊன்றுகட்டை ஒரு ஜோடி வாங்கி, பார்த்துப் பார்த்துப் பொதிந்து எடுத்துக்கொண்டு வந்து இறங்கினார். வாசலில் போட்டிருந்த நாற்காலிகளைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விஷயமே புரிந்தது. அந்தக் கட்டைகளை யாரும் பிரிக்கவில்லை. பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இந்த ஊருக்குத்தான் ஷமீரா ஒரு வெப்சைட் நடத்திவந்தாள். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் கிடக்கிற ஊர்க்காரர்கள் காலையில் டீ குடிப்பதற்கு முன் அதைத்தான் திறப்பார்கள். நிக்காஹ் செய்தி, மௌத்து செய்தி, பள்ளிக்கூட ரிசல்ட் எல்லாம் அதில் வரும். அதை அவள் ஆசைக்குச் செய்தாள். ஊரை விட்டு வந்தவளுக்கும் ஊர் வேண்டுமே.

கஜா புயல் அடித்த வாரம் அது. தென்னை மொத்தமும் சாய்ந்து, ஊருக்கு ரோடும் இல்லை, கரண்டும் இல்லை, போனும் இல்லை. தஞ்சாவூரில் கரண்ட் வந்துவிட்டது. ஊரிலிருந்து ஜாஃபர் சாதிக் என்கிற பையன் மட்டும், கடைத்தெருவில் மொபைல் ரிப்பேர் செய்கிறவன், விழுந்த மரங்களுக்கு நடுவே பைக்கைத் தள்ளிக்கொண்டு ஆற்றுப்பாலம் வரை வருவான். பாலத்து மேட்டில் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். காலையில் ஒரு தடவை, சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு தடவை. யார் யாரைப் பார்த்தான் என்று விட்டு விட்டுச் சொல்வான். ஷமீரா எழுதிப் பக்கத்தில் போடுவாள். கடல் தாண்டி இருக்கிறவர்களுக்கெல்லாம் அந்தப் பக்கம் ஒன்றுதான் கதி.

புதுப் பக்கம் செய்ய நேரமில்லை. நிக்காஹ் அறிவிப்புக்காகச் செய்து வைத்திருந்த பக்கத்தையே எடுத்துக்கொண்டாள். இடது பக்கம் மணமகன் வீட்டார், வலது பக்கம் மணமகள் வீட்டார் என்று எதிரெதிரே வரிசை பிசகாமல் நிற்கும் பக்கம் அது. இடது பக்கத்தைச் சாம்பல் நிறமாக்கி மௌத்து செய்தியைப் போட்டாள். நல்லவேளையாக ஒன்றுதான் இருந்தது. மேலத்தெரு ஜுலைஹா அம்மாள், சுவர் இடிந்து விழுந்து இறந்திருந்தார். வலது பக்கத்தைப் பச்சையாக்கி, மேலே டிக் அடித்த ஒரு படம் வைத்து, நலமாக இருக்கிறவர்களின் பெயர்களைப் போட்டாள். பச்சை என்றால் நலம். பார்த்தால் குழந்தைக்கும் புரியும்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் போன் அடித்தது. குவைத் நம்பர்.

"தங்கச்சி, நான் மேலத்தெரு அஸார் பேசுறேன். வாட்டர் டேங்கர் ஓட்டுறேன் இங்க. பக்கத்துக்கு அடியில உங்க நம்பர் இருந்துச்சு." குரல் தட்டையாக இருந்தது. அழுது முடித்த குரல். "அடக்கம் பண்ணியாச்சா? மூணு பேரையும்?"

ஷமீராவுக்குப் புரியவில்லை. அண்ணனைக் கூப்பிடுகிற ஊர் வழக்கத்தில் கேட்டாள்: "எந்த மூணு பேரு காக்கா? ஜுலைஹா அம்மா ஒருத்தங்கதானே?"

"எங்க உம்மா ஹபீபுன்னிசா. எம் பொண்டாட்டி ஃபஹ்மிதா. ஜுலைஹா அம்மா எங்களுக்குப் பக்கத்து வீடு. ஒரே சுவர்தானே தங்கச்சி. எம் புள்ள எங்க இருக்கா? அத மட்டும் சொல்லுங்க. அவள யாரு வச்சிருக்கா?"

பாதி வார்த்தை விழுங்கிய போனில் கேட்டு எழுதிய பெயர்கள் அவை. மாற்றி எழுதிவிட்டோமா? ஓடிப்போய்ப் பக்கத்தைத் திறந்தாள். ஹபீபுன்னிசா, மேலத்தெரு: பச்சை. ஃபஹ்மிதா, மேலத்தெரு: பச்சை. சரியாகத்தான் இருந்தது. "அவங்க ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க காக்கா! பச்சையிலதானே போட்டிருக்கேன், பாக்கலையா?" என்று கத்தினாள்.

"எனக்குப் படிக்க வராது தங்கச்சி. நாலாம் கிளாஸோட சரி. போனு படிச்சிக் காமிக்கும், அதத்தான் கேட்டேன்."

கண் தெரியாதவர்களுக்காகப் போனில் ஒரு வசதி இருக்கிறது. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும். அவரோடு அறையில் தங்கியிருந்த மலையாளி நண்பர் ஒருவர் அதை அஸாருக்குப் போட்டுக் கொடுத்திருந்தார். அந்த அறையில் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது.

"எங்க, எனக்குக் கேக்குற மாதிரி படிக்க வைங்க" என்றாள் ஷமீரா. அஸார் நண்பரின் போனில்தான் பேசிக்கொண்டிருந்தார். தன் போனை அதனருகே பிடித்தார். தான் செய்த பக்கத்தை ஷமீரா முதல் தடவையாகக் காதால் கேட்டாள். ஏற்ற இறக்கமில்லாத ஒரு பெண் குரல் படித்தது:

"மர்ஹூம் செய்யது முஹம்மது அவர்களின் மகளும், மர்ஹூம் அப்துல் லத்தீப் அவர்களின் மனைவியுமான. ஹபீபுன்னிசா, மேலத்தெரு. ஜுலைஹா அம்மாள். ஃபஹ்மிதா, மேலத்தெரு. அவர்கள் புயலில் சுவர் இடிந்து விழுந்ததில் வஃபாத் ஆகிவிட்டார்கள்."

ஷமீரா அந்தப் பக்கத்தின் உள்பக்கத்தைத் திறந்தாள்.

நிக்காஹ் பக்கத்தில் எதிரெதிர் வரிகள் நேராக நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு வரியையும் குறுக்கே ஒரே பெட்டியாக அடித்திருந்தாள். இடது பாதி, வலது பாதி, அடுத்த வரி, மறுபடி இடது பாதி, வலது பாதி. கண் மேலிருந்து கீழே போகும். மெஷின் குறுக்கே போனது. நம் ஊர் மௌத்து செய்தியோ, காலமானவர்களுக்கு மர்ஹூம் என்று அடை போட்டு, இன்னாரின் மகளும், இன்னாரின் மனைவியுமான என்று உறவை நீட்டி, பெயரைக் கடைசியில்தான் வைக்கும். 'மனைவியுமான' என்று அது வாயைத் திறந்து வைத்திருந்த இடத்தில், பச்சைப் பக்கத்து உம்மா வந்து விழுந்தார். பச்சையை மெஷின் எப்படிப் படிக்கும்? அங்கே தலைப்பு என்று ஒன்று எழுதியிருந்தால் அல்லவா படித்திருக்கும். நலமாக இருக்கிறவரை அவளே கொண்டுபோய் மௌத்துக்குள் தள்ளியிருந்தாள்.

அவள் இதையெல்லாம் அஸாருக்கு விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரிம்மா," என்றார் கடைசியில். "நீங்க இப்படித்தான் சொல்லுவீங்க. நம்ம ஊரு ஆளுங்களத் தெரியாதா எனக்கு? போன வருஷம் ரூம்ல ஒருத்தர, அத்தாவுக்குக் காய்ச்சல்னு சொல்லித்தான் வரச்சொன்னாங்க. நான் போயிடுறேன் தங்கச்சி. கஃபீல்கிட்ட பேசிட்டேன். லீவு இல்லையாம். விசாவ கேன்சல் பண்ணிட்டுப் போன்னுட்டாரு. இங்க டைம் பன்னெண்டு மணிக்கு ஆபீஸ்ல கையெழுத்து, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

கஃபீல் என்றால் அங்கே வேலைக்கு எடுத்த முதலாளி. கையெழுத்துப் போட்டுவிட்டால் திரும்ப அந்த வேலைக்கு வழி கிடையாது. போன வருஷம்தான் விசா மாற்றிக் கிடைத்த வேலை என்றும், உம்மாவின் கண் ஆபரேஷனுக்கு அதைத்தான் நம்பியிருந்ததாகவும் யாருக்கோ நடந்தது போலச் சொன்னார்.

அவர் சொல்வதில் என்ன தப்பு? பொதிந்து வந்த அந்த ஊன்றுகட்டை ஜோடி ஷமீராவின் கண்முன் நின்றது. உண்மையைச் சொன்னாலும் ஆறுதலாகத்தான் காதில் விழும் என்றால் எப்படித்தான் சொல்வது? ஜாஃபர் சாதிக் அஸருக்குப் பிறகுதான் பாலத்துக்கு வருவான். அதற்குள் குவைத்தில் கையெழுத்து முடிந்துவிடும்.

"காக்கா, அரை மணி நேரம் குடுங்க. கையெழுத்துப் போட்டுடாதீங்க. மறுபடியும் போனப் படிக்க வைங்க. நான் சொன்னத நம்ப வேணாம், அது சொல்றதக் கேளுங்க."

போனை வைத்தபோது தமிழ்மாறன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். 'அன்னைக்கே சொன்னேன்ல' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் குணம் தெரிந்தவர்களுக்கு அது பெரிய விஷயம்.

"குறுக்குப் பெட்டியெல்லாம் தூக்கிடுங்கக்கா," என்றான். "மௌத்து சேதி தனி. அத ஆர்ட்டிகிள்னே எழுதுங்க. அதுக்கு மேல தலைப்பு. உள்ள ஒரு அட்சரம் வெளிய போகக் கூடாது, வெளியேருந்து ஒண்ணு உள்ள வரக் கூடாது."

ஷமீரா அடித்தாள். ஆர்ட்டிகிள் என்றால் தனித்து நிற்கிற ஒரு முழுச் செய்தி. முதல் எழுத்திலிருந்து முற்றுப்புள்ளிவரை ஜுலைஹா அம்மாளை மட்டும் அதற்குள் வைத்தாள். அவர்தான் அவளுக்குச் சின்ன வயசில் குர்ஆன் ஓதிக்கொடுத்தவர். இரண்டு நாளாக அழ நேரமில்லாமல் இருந்தவளுக்கு இப்போது கண் மறைத்தது. துடைத்துக்கொண்டாள். பிறகு பச்சைப் பக்கம். அதற்குத் தனிப் பகுதி. அதன் தலையில் நிஜமான தலைப்பு: நலமாக இருப்பவர்கள். கீழே நிஜமான பட்டியல், ஒரு பெயருக்கு ஓர் உருப்படி. ஓரத்தில் கிடந்த கல்யாண மண்டப விளம்பரத்தை, ஓரத்துச் செய்தி என்று எழுதியே ஓரத்துக்குத் தள்ளினாள். கூடவே பட்டியலில் இல்லாத ஒன்றையும் எழுதினாள்: குழந்தைகளின் பெயர்கள் இன்னும் கிடைக்கவில்லை, இறந்தவர் ஒருவர் மட்டுமே.

பார்வைக்குப் பக்கம் முன்னைவிடக் கொஞ்சம் அழகு குறைந்துதான் போனது. வரிகள் எதிரெதிரே நிற்கவில்லை. நிற்காவிட்டால் போகிறது.

தமிழ்மாறன் தன் போனில் படிக்கவைத்தான். அதே பெண் குரல். "தலைப்பு: வஃபாத் அறிவிப்பு." ஜுலைஹா அம்மாளின் செய்தி ஆரம்பித்து, ஜுலைஹா அம்மாளோடே முடிந்தது. "தலைப்பு: நலமாக இருப்பவர்கள். பட்டியல்." முதல் பெயரைக் கேட்டதும் ஷமீரா மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தமிழ்மாறன் ஃபேனைக் கூட்டி வைத்தான். அவனால் முடிந்தது அதுதான்.

அஸாருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிவிட்டுக் காத்திருந்தார்கள். காத்திருக்கும்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. 'எனக்காக மாத்திப் போட்டுட்டீங்க' என்று அவர் சொன்னால்? மறைக்கிறவள் போனில் மட்டுமா மறைப்பாள், பக்கத்திலும் மறைக்கலாமே? தமிழ்மாறனிடம் சொன்னாள். அவன் பக்கத்தை இன்னொரு தடவை படிக்கவைத்துப் பார்த்தான்.

போன் அடித்தது. எடுத்தாள். டேங்கர்களின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"காக்கா?"

"கேட்டேன்" என்றார் அஸார். "மூணு தடவ கேட்டேன்."

"பேர்ல ஒண்ணும் மாத்தல காக்கா, சத்தியமா. பெட்டியத்தான் மாத்தினேன். உங்களுக்காகப் பொய்..."

"இருங்க தங்கச்சி. போன்ல பொய் சொல்லலாம். எல்லாரும் சொல்றதுதான். ஊரு மொத்தமும் கேக்குற எடத்துல, மௌத்தானவங்கள நல்லா இருக்காங்கன்னு போட யாருக்கும் மனசு வராது. நாளைக்கு ஒருத்தன் முகத்துல முழிக்க முடியுமா? அப்ப அது நெசந்தான். நெசந்தானே?"

"நெசந்தான் காக்கா."

அதற்குப் பிறகு அவர் அழுத அழுகையை ஷமீரா போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டாள். அதைக் கேட்பதற்கு அவளுக்குக் கஷ்டமாக இல்லை. பக்கத்தில் யாரோ மலையாளத்தில் என்ன ஆச்சு என்று பதறுவதும், அஸார் அழுகைக்கு நடுவே "உம்மா உண்டு, உம்மா உண்டு" என்று அரைகுறை மலையாளத்தில் சொல்வதும் கேட்டது. கையெழுத்துப் போட அவர் போகவில்லை.

சாயங்காலம் ஜாஃபர் சாதிக் பாலத்திலிருந்து கூப்பிட்டபோது ஷமீரா அவனைப் பேசவே விடவில்லை, அஸாரின் உம்மாவைப் பாலத்துக்குக் கூட்டிவரச் சொன்னாள். மறுநாள் காலை அவன் ஹபீபுன்னிசாவைப் பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்துவிட்டான். பேத்தியை நடுவில் செருகியிருந்தார்கள், ஃபஹ்மிதாவுக்குத்தான் இடமில்லை. விழுந்த மரம் வருகிற இடத்திலெல்லாம் இறங்கி நடந்து, ஏறி, பாலத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். மகனிடம் அந்த அம்மாள் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "ஏன்டா, வேலைய விட்டுட்டு வரப் பாத்தியாமே? உனக்குப் புத்தி எங்கடா போச்சு?" திட்டு நிற்கவே இல்லையாம். எதிர்முனையில் அஸார், "இன்னும் திட்டும்மா, இன்னும் திட்டு" என்றிருக்கிறார்.

ஜுலைஹா அம்மாள் வீட்டுக்கு இந்த நிம்மதி இல்லை என்பது ஷமீராவுக்கு உறுத்தாமல் இல்லை. ரோடு சரியானதும் முதலில் அங்கேதான் போனாள். திரும்பி வந்து, அதுவரை செய்து கொடுத்த பக்கங்களையெல்லாம், ரைஸ் மில் முதல் நர்சரி பள்ளிக்கூடம் வரை, ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதினாள். வாடிக்கையாளர் ஒருத்தருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. தமிழ்மாறன் பட்டப்பெயரை மட்டும் விடவில்லை. இப்போது அதைக் கேட்டால் அவளுக்கு ரோசம் வருகிறது.

கரண்ட் வந்து, போன் வந்து, ஊர் ஒருவாறு நிமிர்ந்தது. புயல் பக்கத்தை எடுத்துவிடலாமே என்று பள்ளிவாசல் ஜமாத்தில் கேட்டார்கள். ஷமீராவும் சரி என்றுதான் உட்கார்ந்தாள். அப்போது அஸாரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"தங்கச்சி, ஒரு விஷயம் சொன்னா சிரிக்கக் கூடாது. உம்மாகிட்ட தெனமும் பேசுறேன்தான். ஆனாலும் காலையில வண்டிய எடுக்குறதுக்கு முந்தி அந்தப் பக்கத்த ஒரு தடவ படிக்கச் சொல்லிக் கேப்பேன். நலமாக இருப்பவர்கள், பட்டியல், ஹபீபுன்னிசான்னு அது சொல்லும்ல. அதோட நிறுத்திட்டு வண்டிய எடுத்துடுவேன்."

ஷமீரா அந்தப் பக்கத்தை எடுக்கவில்லை. இன்றைக்கும் இருக்கிறது.